ஒரு காசை வைத்து ஊருக்கு வயது சொல்லலாமா?

நொய்யல் கரையிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டேன். எட்டுப் பக்கக் கடிதத்தின் சாரம் இது.

ஐந்து மாதத்துக்கு முன் அவருடைய அப்பாவின் தோட்டத்தில் பண்ணைக்குட்டை வெட்ட ஜேசிபி வந்திருக்கிறது. நெஞ்சளவு ஆழம் போனதும் ஒரு சிறு பானை அடிபட்டு உடைந்து, வெள்ளிக் காசுகள் சிதறியிருக்கின்றன. பொறுக்கியதில் 25 தேறியது. ஜேசிபி ஓட்டிய தம்பி, "ஞாபகத்துக்கு இருக்கட்டும்" என்று இரண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மிச்சம் 23 வீட்டில் இருக்கிறது. அவற்றில் நான்கைச் சித்தப்பா புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டார். பானையின் அடிப்பாகம், உள்ளிருந்த மண்ணோடு, ஓர் உரச்சாக்கில் மாட்டுக் கொட்டகை மூலையில் கிடக்கிறது. பழங்காசு வியாபாரி ஒருவர் வந்து பார்த்து, "இது டைபீரியஸ் காசு, ஏசுநாதர் காலத்தது" என்று சொல்லி ஒரு விலையும் பேசிப் போயிருக்கிறார். தோட்டத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஊர்க்காரர்கள் 'பாண்டவர் குழி' என்று சொல்லும் கல்வட்டங்கள் உண்டு. உழும்போது கருப்பு-சிவப்புப் பானை ஓடுகள் வருகின்றன.

வருகிற தை மாதம் ஊர்க் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். மலரில் 'ஊர் வரலாறு' எழுதும் பொறுப்பு ஆசிரியையின் தலையில் விழுந்திருக்கிறது. விழாக் குழு இளைஞர்கள், "2000 ஆண்டுப் பழமை வாய்ந்த நம் ஊர்" என்று பேனருக்கு வாசகமே எழுதிவிட்டார்களாம். அவர் கேட்பது மூன்று: காசை ஆதாரமாக வைத்து 2000 ஆண்டு என்று எழுதலாமா? கல்வட்டங்களும் அதே காலம்தானா? கலெக்டரிடம் சொன்னால் நிலத்தையே எடுத்துக்கொள்வார்கள் என்று சித்தப்பா பயமுறுத்துகிறாரே, உண்மையா, பேசாமல் விற்றுவிடலாமா?

சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் கண்ணில் நின்றது காசுகள் அல்ல, அந்த உரச்சாக்கு. தயவுசெய்து அதை யாரும் கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய படங்களில் ஒன்பது காசுகளை என்னால் வாசிக்க முடிந்தது. வியாபாரி சொன்னது சரி. ஏழில் இலைமுடி சூடிய ரோமானியப் பேரரசர் டைபீரியஸின் தலை. பின்பக்கம் செங்கோலும் கிளையும் பிடித்து உட்கார்ந்திருக்கும் பெண். ஓரத்தில் 'பொன்டிஃப் மாக்ஸிம்', அதாவது தலைமைப் பூசாரி என்ற பட்டம். மற்ற இரண்டு, டைபீரியஸுக்கு முன் ஆண்ட அகஸ்டஸுடையவை. அவற்றின் பின்பக்கம் கேடயங்களும் ஈட்டிகளுமாக நிற்கும் இருவர், அகஸ்டஸ் பேரப்பிள்ளைகளாகப் பெற்று மகன்களாகத் தத்தெடுத்த கையஸும் லூசியஸும். இரண்டு வகையும் தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு. இன்றைய பிரான்ஸின் லியோன் நகர நாணயச்சாலையில் அடித்தவை. தென்னிந்தியப் புதையல்களில் கிடைக்கும் ரோமானிய வெள்ளிக் காசுகளில் மிக அதிகம் இந்த இரண்டு வகைதான். உங்கள் பானையில் இவை இருந்ததில் எனக்கு வியப்பில்லை. மேற்குக் கடற்கரையின் முசிறித் துறையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கருவூருக்கு, அதாவது இன்றைய கரூருக்கு, போன பழைய வணிகப் பாதையில்தான் உங்கள் தோட்டம் இருக்கிறது.

காசு எதைச் சொல்லும்?

உங்கள் பாட்டியின் காசுமாலையில் விக்டோரியா ராணி தலை போட்ட சவரன் ஒன்றாவது இருந்திருக்கும். அதில் 1890 என்று பொறித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்துவிட்டு யாராவது "உங்கள் பாட்டிக்கு 1890-ல் கல்யாணம்" என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் "இந்த மாலை 1890-க்கு முன் கோத்ததில்லை" என்று சொன்னால் மறுக்க முடியாது. பழங்காசு தொல்லியலுக்குத் தருவது இந்த இரண்டாவது வாக்கியத்தை மட்டும்தான். இதற்கு முன் இல்லை என்று அது சத்தியம் செய்யும். எவ்வளவு பின் என்று கேட்டால் வாய் திறக்காது.

காசு அடித்த நாள் ஒன்று, அது கப்பலேறி இங்கே வந்த நாள் ஒன்று, பானைக்குள் விழுந்த நாள் ஒன்று, பானை மண்ணுக்குள் போன நாள் ஒன்று. வியாபாரி உங்களுக்குச் சொன்னது முதல் நாளை. மலரில் நீங்கள் எழுதப்போவது கடைசி நாளைப் பற்றி. இடையில் எவ்வளவு காலம் போயிருக்கும்?

முதல் நாளே கூடத் துல்லியமாகத் தெரியாது. டைபீரியஸ் ஆண்டது கி.பி. 14 முதல் 37 வரை. பல பேரரசர்களின் காசுகளில் அவர்கள் எத்தனையாவது முறை எந்தப் பதவி வகித்தார்கள் என்ற எண் இருக்கும். அதை வைத்து ஆண்டையும் சில சமயம் மாதத்தையும் பிடித்துவிடலாம். இந்தப் 'பொன்டிஃப் மாக்ஸிம்' வகையில் அப்படி எண் கிடையாது. ஆட்சியின் பெரும்பகுதி முழுவதும் இதே அச்சைத் திரும்பத் திரும்ப அடித்துத் தள்ளியிருக்கிறார்கள்.

அடுத்து, வந்த நாள். கி.பி. 64-ல் பேரரசர் நீரோ வெள்ளிக் காசின் எடையையும் வெள்ளியின் சுத்தத்தையும் குறைத்தார். அதுவரை ஒரு ரோமானிய ராத்தல் வெள்ளியில் 84 காசு. பிறகு 96 காசு, அதிலும் கலப்பு. நம் பக்கத்து வணிகர் ரோமானியக் காசை முகத்துக்காக வாங்கவில்லை, எடைக்கும் சுத்தத்துக்கும் வாங்கினார். ஆகவே 64-க்குப் பிறகு இந்தியாவுக்கு வந்த கப்பல்கள்கூடப் பழைய நல்ல காசாகப் பொறுக்கி எடுத்து வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. அப்படியானால் டைபீரியஸ் இறந்து ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை கழித்துக்கூட அவர் காசு நொய்யல் கரைக்கு வந்திருக்க முடியும்.

காசு எவ்வளவு காலம் கைமாறும் என்பதற்கு நான் வகுப்பில் சொல்லும் உதாரணம் ரோமானியத் தளபதி மார்க் ஆண்டனியுடையது. கி.மு. 32-31-ல், அகஸ்டஸோடு மோதிய கடைசிப் போருக்குமுன், தன் படைவீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க அவர் அடித்த வெள்ளிக் காசுகளில் வெள்ளி கொஞ்சம் மட்டம். நல்ல காசை மக்கள் பதுக்கினார்கள், உருக்கினார்கள். ஆண்டனி காசை யாரும் சீந்தவில்லை. அது பாட்டுக்குச் சந்தையில் சுற்றிக்கொண்டே இருந்தது. இருநூறு ஆண்டு கழித்துப் புதைத்த பானைகளில்கூட, முகமெல்லாம் மழுங்கிப்போய், ஆண்டனி காசுகள் கிடைக்கின்றன. அந்தக் காசு மட்டும் தனியாகக் கிடைத்து, அதை நம்பித் தேதி போட்டிருந்தால் இரண்டு நூற்றாண்டு பிசகியிருக்கும்.

இன்னும் வேடிக்கை ஜப்பானில். ஒகினாவா தீவின் கட்சுரென் கோட்டையில் அகழ்ந்தபோது கி.பி. 4-ஆம் நூற்றாண்டு ரோமானியச் செப்புக் காசுகள் கிடைத்ததாக 2016-ல் அறிவித்தார்கள். கோட்டையோ 12-15 நூற்றாண்டுகளில் செழித்தது. ரோமானியக் காசுகளோடு 17-ஆம் நூற்றாண்டுத் துருக்கியக் காசு ஒன்றும் இருந்தது. யார் கையில், எந்த வழியாக அவை அங்கே போயின என்பது சுவையான கேள்வி. ஆனால் ரோமானியக் காசு கிடைத்ததே என்று கோட்டைக்கு 1600 வயது என்று யாரும் பேனர் வைக்கவில்லை.

இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். பயிற்சிக் காலத்தில் ஒரு குழியில், நான் மிகப் பழையது என்று நம்பிய மண்ணடுக்கில், நகக்கண் அளவு செப்புக் காசு ஒன்று வந்தது. துள்ளிக் குதித்தேன். பெரியவர் ஒருவர் இறங்கி வந்து, காசு இருந்த இடத்து மண்ணை மட்டும் கரண்டியால் மெல்லச் சுரண்டினார். சுற்றிலும் கெட்டி மண். அங்கே மட்டும் பொலபொலவென்று கருத்த மண். இன்னும் ஒரு சாண் உள்ளே போனால் நிலக்கடலைத் தொலி! மேல் அடுக்கிலிருந்த காசை எலி வளை கீழே இறக்கியிருந்தது. அன்றிலிருந்து காசைப் பார்ப்பதற்குமுன் அது கிடந்த மண்ணைப் பார்க்கப் பழகினேன்.

ஆழத்தைப் பற்றியும் ஒன்று. "நெஞ்சளவு ஆழத்தில் கிடைத்ததால் மிகப் பழையதாகத்தானே இருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆற்றங்கரையில் ஒரே வெள்ளத்தில் முழங்கால் அளவு வண்டல் ஏறிவிடும். மேட்டு நிலத்தில் ஆயிரம் ஆண்டிலும் ஒரு சாண் ஏறாது. போதாக்குறைக்குப் புதையல் என்பது குழி தோண்டி வைப்பது. எந்த மட்டத்திலிருந்து தோண்டினார்கள் என்பதுதான் காலம் சொல்லும், எவ்வளவு ஆழம் போனார்கள் என்பது சொல்லாது.

அப்படியானால் காசால் பயனே இல்லையா?

உண்டு, நிறைய. ஜெர்மனியில் கால்கிரீஸ என்ற இடத்தைப் பாருங்கள். கி.பி. 9-ல் ரோமானியத் தளபதி வாருஸ் மூன்று படையணிகளோடு காட்டுக்குள் சிக்கி அழிந்தார். அது எங்கே நடந்தது என்று நூற்றாண்டுக் கணக்கில் தேடினார்கள். 1987-ல் உலோகம் காட்டும் கருவியோடு போன ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி அங்கே ரோமானிய வெள்ளிக் காசுகளையும் ஈயக் கவண்குண்டுகளையும் கண்டுபிடித்தார். பிறகு அகழ்ந்ததில் ஏராளமான காசுகள். சில செப்புக் காசுகளில் வாருஸின் பெயர்ச் சுருக்கம் முத்திரையாகக் குத்தியிருந்தது. அவர் அங்கே ஆளுநரானது கி.பி. 7 வாக்கில். வெள்ளிக் காசுகளில் பிந்தியவை எவை தெரியுமா? உங்கள் வீட்டில் இருக்கும் அதே கையஸ்-லூசியஸ் வகை. டைபீரியஸ் காசு மருந்துக்கும் இல்லை.

அங்கே காசு பேசியது ஏன்? எண்ணிக்கை இருந்தது. ஆள் பெயர் போட்ட முத்திரை இருந்தது. ஆயுதங்களும் எலும்புகளும் கூடவே கிடந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, இருக்க வேண்டிய பிந்திய காசுகள் இல்லை என்ற மௌனமும் ஒரு சாட்சி. இவ்வளவு இருந்தும், அது 9-ஆம் ஆண்டுப் போரா, ஆறு ஆண்டு கழித்து அதே பகுதியில் நடந்த போரா என்று வாதாடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஒரே ஒரு எழுத்து எவ்வளவு தூரம் இழுத்துவிடும் என்பதற்கு, எரிமலைச் சாம்பலில் புதைந்த இத்தாலிய நகரம் பொம்பெய். வெசுவியஸ் எரிமலை கி.பி. 79 ஆகஸ்ட் 24-ல் வெடித்தது என்பது பாடப்புத்தகத் தேதி. 1974-ல் அங்கே ஒரு வீட்டில் கிடைத்த காசுக் குவியலில் பேரரசர் டைட்டஸின் வெள்ளிக் காசு ஒன்று இருந்தது. அதில் அவர் 15-ஆவது முறை வெற்றிப் பட்டம் பெற்றதாக இருக்கிறது என்று வாசித்தார்கள். அந்தப் பட்டம் செப்டம்பரில்தான் வந்தது; அப்படியானால் எரிமலை அதற்குப் பிறகே வெடித்திருக்க வேண்டும் என்று பல ஆண்டு எழுதினார்கள். 2013-ல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ரிச்சர்ட் ஆப்டி அதே காசை மறுபடி ஆராய்ந்தார். 15 இல்லை, 14. காசுச் சான்று போயிற்று. இலையுதிர் காலத்து வெடிப்பு என்ற கருத்து மட்டும் சாகவில்லை. 2018-ல் அதே பொம்பெயில் அக்டோபர் 17-ஐக் குறிக்கும் கரித்துண்டு எழுத்து ஒன்று சுவரில் கிடைத்தது.

இதைச் சொல்வது உங்கள் சித்தப்பாவுக்காக. புளியும் சாம்பலும் விளக்குக்கு நல்லது. காசின் மேல் படிந்த கருப்பைத் தேய்க்கும்போது எழுத்தின் விளிம்பும் சேர்ந்தே போகும். கைமாறித் தேய்ந்த தேய்மானம் எது, அவர் தேய்த்த தேய்மானம் எது என்று இனி அந்த நான்கில் பிரித்துச் சொல்வது கஷ்டம். அவரைத் திட்ட வேண்டாம், ஆசையில் செய்தது. மற்ற 19-ஐத் தண்ணீர்கூடப் படாமல் தனித்தனிக் காகித உறையில் போட்டு, எண் போட்டு வையுங்கள். முகத்தின் குறுக்கே ஆழமாக வெட்டிய கோடு எதிலாவது இருந்தால் அது ஜேசிபி செய்த சேதம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமானியத் தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின்மேல் அப்படி உளிவெட்டு இருந்தது. அது இங்கே வேண்டுமென்றே போட்ட வெட்டு.

போன இரண்டு காசுகள்

அந்தப் புதுக்கோட்டைப் புதையல் உங்களுக்கு இன்னொன்றும் சொல்கிறது. அதிலும் அகஸ்டஸ் உண்டு, டைபீரியஸ் உண்டு. ஆனால் கடைசிக் காசு வெஸ்பாசியனுடையது. அவர் ஆண்டது கி.பி. 69 முதல் 79 வரை. புதையலின் காலத்தை அதில் மிகுதியாக உள்ள காசு தீர்மானிப்பதில்லை, மிகப் பிந்திய காசு தீர்மானிக்கிறது. அந்த வெஸ்பாசியன் காசுகளை மட்டும் யாராவது பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போயிருந்தால், புதையலே சில பத்தாண்டுகள் முந்தியதாகிப்போயிருக்கும்; தப்பு நடந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது.

உங்கள் 25-ல் நான் வாசித்தது ஒன்பது. வாசிக்காதவை பதினாலு, பார்க்காதவை இரண்டு. அந்த இரண்டில் ஒன்று நீரோவின் கலப்புக் காசாக இருந்தால் பானை புதைந்தது கி.பி. 64-க்குப் பிறகு என்றாகிவிடும். ஆகவே அந்த ஜேசிபி தம்பியைத் தேடிப் பிடியுங்கள். மிரட்ட வேண்டாம். காசு இல்லாவிட்டாலும் படமாவது வேண்டும்.

இப்போது உரச்சாக்கு. காசு பல கை மாறி, பல ஆண்டு சுற்றும். சாதாரண மண்பானை அப்படிச் சுற்றாது. செய்து சில ஆண்டில் உடைந்துவிடும். அந்தப் பானையின் களிமண், கனம், அடிப்பாக வடிவம் இவற்றைக் கொடுமணல் போன்ற இடங்களில் மண்ணடுக்கு மண்ணடுக்காக எடுத்த பானைகளோடு ஒப்பிட்டால், புதைத்த காலத்தைக் காசைவிட நெருக்கமாகச் சொல்ல வாய்ப்புண்டு. உள்ளிருக்கும் மண்ணில் ஒரு கரித்துண்டோ தானியமோ இருந்தால் கரிமக் காலக்கணிப்புக்கே அனுப்பலாம். வெளிப்பக்கத்தில் கீறல் குறியோ எழுத்தோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தொட்டுத் துடைக்க வேண்டாம். புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டில் 1945-ல் மார்டிமர் வீலர் அகழ்ந்தபோது ரோமானியத் தொடர்பின் காலத்தை அவர் காசை நம்பி நிறுவவில்லை. இத்தாலியிலிருந்து வந்த அரெட்டைன் என்ற சிவப்புப் பானை ஓடுகளை நம்பித்தான் நிறுவினார்.

கல்வட்டங்களைப் பற்றிக் கேட்டீர்கள். கூப்பிடு தூரம் என்பது தூரத்துக்குத்தான் சொல்லும், காலத்துக்குச் சொல்லாது. அந்த ஈமச்சின்னங்கள் காசுக்குச் சமகாலமாகவும் இருக்கலாம், பல நூற்றாண்டு முந்தியதாகவும் இருக்கலாம். பழனி அருகே பொருந்தலில், ஈமக்குழிக்குள் வைத்திருந்த நெல்லை ஆய்வுக்கு அனுப்பியபோது கி.மு. 490 வாக்கில் என்று காலம் வந்தது. அந்தக் குழியின் வயதை அதற்குள்ளேயே இருந்த நெல் சொன்னது. உங்கள் இளைஞர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: 2000 என்று பேனர் வைத்தால் ஊரின் வயதைத் தெரியாமல் குறைத்துவிடவும் வாய்ப்பிருக்கிறது! அதே சமயம், பாதையில் போன வணிகன் ஒருவன் யாருமில்லாத காட்டில் பானையைப் புதைத்துவிட்டு, திரும்பி வராமலே போயிருக்கவும் கூடும். புதையல் கிடைத்த இடத்தில் ஊர் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

சித்தப்பாவின் பயம்

நான் வழக்கறிஞன் இல்லை. புதையல் கோப்புகளோடு வருவாய்த் துறை மேசைகளில் உட்கார்ந்து எழுந்த அனுபவத்தில் சொல்கிறேன். மனு கொடுக்குமுன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

இதை ஆள்வது இந்தியப் புதையல் சட்டம், 1878. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால், என்ன கிடைத்தது, எங்கே, என்றைக்கு என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பொருளைக் கருவூலத்தில் ஒப்படைக்கவோ பிணை கொடுக்கவோ வேண்டும். அந்தச் சட்டம் புதையலைப் பற்றி மட்டும் பேசுகிறது. நிலத்தை எடுத்துக்கொள்ளும் பிரிவு அதில் இல்லை. சித்தப்பா இந்த ஒரு விஷயத்தில் நிம்மதியாகத் தூங்கலாம்.

உரிமை கோரி வேறு யாரும் வராவிட்டால், ஒப்பந்தம் ஏதும் இல்லாத பட்சத்தில், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. இங்கேதான் உங்கள் வீட்டில் யாரும் யோசிக்காத ஒன்று இருக்கிறது: கண்டெடுத்தவர் யார்? கூலிக்கு அமர்த்திய உங்கள் அப்பாவா, ஜேசிபி ஓட்டிய தம்பியா? அதைக் கலெக்டர் விசாரித்து முடிவு செய்வார். அந்தத் தம்பியைத் திருடன் என்று ஊரில் பேசினால் நாளை அவர் பெரும்பங்கு கேட்டு நிற்கலாம். அரசு விரும்பினால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: 25 வெள்ளிக் காசு சேர்ந்தாலும் நூறு கிராம் எட்டாது. வியாபாரி சொன்ன விலைக்குப் பக்கத்தில்கூட வராது. இந்தச் சட்டத்தில் எனக்கு மிகப் பெரிய மனக்குறையே இதுதான். நேர்மையாக வருகிறவருக்கு இன்னும் தாராளமாகக் கொடுக்கலாம்.

சொல்லாமல் விட்டாலோ, உங்கள் பங்கு அரசுக்குப் போய்விடும். கண்டெடுத்தவருக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு. உடந்தையாக இருந்த நிலத்துக்காரருக்கு ஆறு மாதம் வரை. ஐந்து மாதம் தாமதமாகிவிட்டது, உண்மை. ஆனால் நீங்களாகப் போய்த் தாமதத்துக்குக் காரணம் சொல்வதும், வியாபாரி எங்கோ மாட்டிக்கொண்டு உங்கள் பெயரைச் சொல்வதும் ஒன்றில்லை. நூறு ஆண்டு தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழும் வரும். அப்படிப்பட்ட பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது குறைந்தது ஆறு மாதச் சிறைக்கு உரிய குற்றம். 'ஏசு காலத்துக் காசு' என்ற அடைமொழிக்கு எங்கே கிராக்கி, அந்த வியாபாரி யாருக்கு விற்கப்போகிறார் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் என் பதில்: விற்காதீர்கள்.

வி.ஏ.ஓ.விடம் சொல்லிவிட்டு, தாசில்தார் வழியாக அப்பாவின் கையெழுத்தில் கலெக்டருக்கு மனு கொடுங்கள். ஒவ்வொரு காசின் இருபக்கப் படத்தையும் எடையையும் இணைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எதையும் ஒப்படைக்காதீர்கள். பானை அடியையும் மண்ணையும் மனுவில் குறிப்பிடுங்கள். காசைக் கேட்டு வாங்கும் அலுவலகங்கள் பானை ஓடுகளைக் கேட்க மறந்துவிடும். மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு ஒரு நகல் அனுப்பினால் அவர் வந்து குட்டையின் வெட்டுச் சுவரைப் பார்ப்பார். மழைக்குமுன் பார்ப்பது நல்லது. சுவர் சரிந்தால் பானை இருந்த குழியின் தடம் போய்விடும். அதுவரை பானை கிடந்த இடத்தில் ஒரு முளை அடித்து, கிணற்றிலிருந்தும் வரப்பிலிருந்தும் எத்தனை அடி என்று அளந்து எழுதி வையுங்கள். "இன்னும் இருக்குமோ" என்று யாரையும் தோண்ட விடாதீர்கள்.

மலருக்கு

மனு கொடுத்த பிறகு எழுதுங்கள். தோட்டக்காரர் பெயர், சர்வே எண் எதுவும் வேண்டாம். கும்பாபிஷேகத்துக்கு வருகிறவர்களில் கடப்பாரையோடு வருகிறவரும் இருப்பார். வாசகம் இப்படி இருக்கலாம்: "நம் ஊர் எல்லையில் ரோமானியப் பேரரசின் வெள்ளிக் காசுகள் ஒரு பானையில் கிடைத்துள்ளன. இதுவரை வாசித்தவை அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய பேரரசர்களின் பெயரில் அடித்தவை. கி.பி. 14-க்குப் பிறகு ஒரு காலத்தில் யாரோ அவற்றை இங்கே புதைத்திருக்கிறார்கள். ஊரருகே உள்ள கல்வட்டங்களின் காலம் இன்னும் ஆய்வு செய்யப்படவில்லை." இளைஞர்களுக்கு இதில் காரம் போதாது என்று தெரியும். பேனரில் அந்தக் கையஸ்-லூசியஸ் காசின் படத்தைப் பெரிதாகப் போட்டு, "ஜெர்மானியக் காட்டில் ரோமானியப் படை அழிந்த களத்தில் கிடைத்த அதே வகைக் காசு, நம் ஊரிலும்" என்று எழுதச் சொல்லுங்கள். இது மிகையில்லை, யாரும் மறுக்கவும் முடியாது.

முதல் வேலையாக அந்த ஜேசிபி தம்பியிடம் சொல்லி, இரண்டு காசையும் இருபக்கமும் வெயிலில் வைத்து அலைபேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எதிலாவது கழுத்து தடித்துக் கொழுத்த முகம் தெரிந்தால் அது நீரோவாக இருக்கலாம். இந்தப் பதிலில் பாதியை நான் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.